மலையில் பெய்வதை எங்களுக்குச் சொல்லுங்கள்

சேலம் நகருக்கும் சேர்வராயன் மலையடிவாரத்து ஊர்களுக்கும் மழை, வெள்ள எச்சரிக்கை வழங்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

சென்ற புரட்டாசியில் ஒரு மாலை, எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைத் துடைக்கச் சொன்னார், அரசு வண்டியில் வந்து இறங்கிய ஒருவர். கடைக்காரர் தயங்கினார். வந்தவரே ஈரத்துணியை வாங்கித் துடைத்தார். பலகையில் இருந்தவை மூன்று வரிகள்: "மலை மழை. மாலை 4 முதல் 6 மணி வரை 1 அங்குலம் 40 சென்ட். 6 முதல் 7 வரை 85 சென்ட்." சென்ட் என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. இதில் ஒரு சொல் பொய் கிடையாது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து மழைமானியில் அளந்து, தொலைபேசியில் சொல்லி, நான் என் கையால் எழுதியது.

இது அதிகாரபூர்வமற்ற தகவல், மக்களிடம் பீதியைக் கிளப்பும், மறுபடி எழுதினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்த திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேர் போய் மனுக் கொடுத்தோம். மலையில் பெய்யும் மழையின் அளவை மணிக்கு ஒருமுறை நீங்களே எங்களுக்குச் சொல்லுங்கள், சொன்னால் பலகையை நாங்களே கழற்றிவிடுகிறோம் என்பதுதான் மனு. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மாவட்டத்துக்கென வழங்கப்படும் எச்சரிக்கையே போதுமானது, குறிப்பிட்ட பகுதிக்கெனத் தனியாகத் தகவல் தர வழிமுறை இல்லை என்று அதில் இருந்தது.

போதுமானது என்ற அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் தறிக்காரன். திருமணிமுத்தாற்றங்கரையில், சாலையைவிட இரண்டு படி தாழ்ந்த ஒரு தெருவில் எங்கள் வீடு. கூடத்தில் இருப்பது குழித்தறி. என் தாத்தா காலத்தில் தோண்டிய குழி. உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்கும் அளவுக்கு ஆழம் இருக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் தெருவுக்கு வரும் முன்பே அந்தக் குழிக்குள் வந்துவிடும். சுவர் ஓரமாக முதலில் மண் கறுக்கும். பிறகு அடியில் கண்ணாடி போல ஒரு விரற்கடைத் தண்ணீர் நிற்கும். அதைப் பார்த்த பிறகு அரை மணி நேரத்துக்குமேல் எங்களுக்கு அவகாசம் கிடைத்ததில்லை. தறியில் நீளவாட்டில் பூட்டிய பட்டு இழைகளை, பாவு என்போம், அரை மணி நேரத்தில் அறுக்காமல் கழற்றுவது எவ்வளவு பாடு என்பது தறியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த ஊரின் நிலஅமைப்பை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் எச்சரிக்கைகளைப் படிக்கும்போது அதை யாரோ மறந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே விழும் தண்ணீர் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கித்தான் எங்களிடம் வருகிறது. அது வழியில் எங்கும் தங்குவதில்லை. பாறை, சரிவு, ஓடை. கண்ணங்குறிச்சிப் பக்கம் இறங்குவது புது ஏரிக்கும் மூக்கனேரிக்கும் போகிறது. மற்ற சரிவுகளில் இறங்குவது திருமணிமுத்தாற்றில் சேர்ந்து, ஊருக்கு நடுவே வந்து, சுகவனேசுவரர் கோயிலையும் கோட்டை மாரியம்மன் கோயிலையும் தாண்டித் தெற்கே போய், நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மலையின் மேற்குப் பக்கத்துத் தண்ணீர் சரபங்காவாகி ஓமலூர், எடப்பாடி வழியே காவிரிக்குப் போகிறது.

ஆகவே எங்களுக்கு வெள்ளம் என்பது எங்கள் தலையில் பெய்யும் மழையால் மட்டும் வருவதில்லை. தெருவில் நட்சத்திரம் தெரியும் இரவிலும் ஆறு இரைந்துகொண்டு வந்ததை நான் சிறுவனாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். மேலே எவ்வளவு கொட்டியது என்பதுதான் எங்களுக்குத் தேவையான ஒரே செய்தி. அந்த ஒரு செய்தியைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவைப் பற்றிச் சொல்கிறேன். ஃபெஞ்சல் புயல் முந்தைய நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. தொலைக்காட்சியில் நாள் முழுவதும் புதுச்சேரியும் விழுப்புரமும்தான். புயல் கரை கடந்துவிட்டது என்றால் கடலோரத்துக்காரர்களுக்குத்தான் பயம், உள்ளே இருக்கும் நமக்கு நாலு தூறல் என்பது எங்கள் தெருவில் எல்லோரும் நம்பியது. சேலம் மாவட்டத்தின் பெயரும் எச்சரிக்கைப் பட்டியலில் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் எத்தனையோ முறை எங்கள் மாவட்டத்தின் பெயர் வந்து, மண் நனையாமல் போயிருக்கிறது.

என் மைத்துனர் ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதும் வேலை பார்க்கிறார். காப்பித் தோட்டங்களில் மழையை அளந்து எழுதி வைப்பது பழைய வழக்கம். காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் பூ மழை எப்போது விழுந்தது, எத்தனை அங்குலம் எத்தனை சென்ட் என்பதை வைத்துத்தான் அவர்களுடைய காப்பிக் கணக்கே. தினமும் காலையில் புனலைத் தூக்கி, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, நோட்டில் எழுதுவார். அன்று இரவு கூரைமேல் விழுந்த சத்தத்தைக் கேட்டுத் தூக்கம் வராமல், பதினொன்றரை மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அளந்திருக்கிறார். மறுபடி இரண்டு மணிக்கு அளந்திருக்கிறார். இரண்டே கால் மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது.

மாமா, நாலரை அங்குலம் தாண்டிவிட்டது, இன்னும் விடவில்லை, ஓடைகளின் சத்தம் இங்கே வீடு வரை கேட்கிறது, தங்கையையும் பிள்ளைகளையும் மாடிக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்.

அப்போது எங்கள் தெருவில் சாதாரண மழைதான். நானும் என் மனைவியும் மகனும் விளக்கைப் போட்டுக்கொண்டு தறியில் இறங்கினோம். நெய்த பகுதியை அது சுற்றியிருக்கும் படமரத்தோடு சுருட்டினோம். பாவிழைகள் கோத்திருக்கும் அச்சையும் விழுதையும் கலைக்காமல் பாவோடு சேர்த்துக் கட்டினோம். வெள்ளைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினோம். அரிசி மூட்டை, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், மாமியாரின் மாத்திரைப் பெட்டி எல்லாம் எதிர்வீட்டு மாடிக்குப் போயின. நாலு வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று பேர் திறந்தார்கள். ஐந்து மணிக்குக் குழியின் சுவர் கறுத்தது. ஐந்தரைக்குக் குழி நிறைந்து கூடத்தில் பரவியது. ஆறு மணிக்கு, வெளிச்சம் வரும்போது, தெருவில் இடுப்பளவு தண்ணீர். சாக்கடையும் ஆறும் ஒன்றாகிக் கறுப்பாக ஓடியது.

அந்தப் புயல் மழையில் ஏற்காட்டில் பெய்தது 20 சென்டிமீட்டருக்கும் மேல். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். கடலைப் பார்த்தே இராத ஊர்களில் கடலோரத்தைத் தோற்கடித்த மழை அது.

நான் கதவைத் தட்டாமல் விட்ட வீடு ஒன்று உண்டு. எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. அங்கே ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார். கணவர் இறந்தபின் அந்தத் தறியில் அவரே உட்கார்ந்து நெய்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். காது சற்று மந்தம். கைப்பேசி பட்டன் வைத்தது. என்னுடைய பதற்றத்தில் அந்த வீட்டை நினைக்கவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காலையில் நாங்கள் போனபோது அவர் கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தார். தறியில் அரக்கு நிறச் சேலை, முக்கால் பங்கு முடிந்தது. கருநீலக் கரை. அரக்கு கரைக்குள் இறங்கி, கரை உடலுக்குள் ஏறி, இரண்டும் கலந்து ஈரல் நிறமாகிக் கிடந்தது. மூலையில் வைத்திருந்த அடுத்த பாவும் போயிற்று. இரண்டு பாவுக்கும் பட்டுக் கொடுத்தவருக்கு அவர் இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இரவு இரண்டே காலிலிருந்து ஐந்தரை வரை மூன்றே கால் மணி நேரம் இருந்தது. ஒரு தொலைபேசி வந்த வீடுகளுக்கு அந்த நேரம் கிடைத்தது. வராத வீட்டுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு மைத்துனர் மலையில் இருப்பது தற்செயல். சேலத்தின் தாழ்ந்த தெருக்களில் இருப்பவர்கள் எல்லோருக்கும் மலையில் மைத்துனர் வேண்டுமா?

அதன் பிறகுதான் கரும்பலகை வந்தது. என் மைத்துனரும், அவருக்குத் தெரிந்த வேறு இரண்டு தோட்டங்களில் வேலை செய்பவர்களும், மழை வலுத்தால் மணிக்கு ஒருமுறை அளந்து சொல்ல ஒப்புக்கொண்டார்கள். இதற்கு அவர்கள் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பகலில் பலகையில் எழுதுவோம். இரவில் மூன்று அங்குலத்தைத் தாண்டினால் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வோம். காது கேளாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் எனப் பதினான்கு வீடுகளுக்கு இளைஞர்கள் நேரில் போக வேண்டும். பட்டியலில் முதல் வீடு அந்தப் பெரியம்மாவின் வீடு.

ஒருமுறை நாங்கள் தவறினோம். சென்ற ஆவணியில் மலையில் மூன்றே கால் அங்குலம் என்று தகவல் வந்தது. ஒலிபெருக்கியில் சொன்னோம். தெருவே எழுந்து சாமான்களை ஏற்றியது. ஆற்றில் பாலத்தின் கால் நனைந்ததோடு சரி. காலையில் இரண்டு பேர் என்னைக் கடுமையாகக் கேட்டார்கள், கேட்டது நியாயம். பிறகு யோசித்தபோது புரிந்தது: வறண்டு கிடந்த மலைமேல் விழும் மூன்று அங்குலமும், நாலு நாள் நனைந்து ஊறிய மலைமேல் விழும் மூன்று அங்குலமும் ஒன்றாகாது. முதல் மழையை மண் குடித்துவிடுகிறது, ஏரிகள் வாங்கிக்கொள்கின்றன. ஏரி நிறைந்த பிறகு வருவதெல்லாம் எங்களுக்கு. எத்தனை அங்குலத்துக்கு ஆற்றில் எத்தனை அடி, எத்தனை மணி நேரத்தில் என்று கணக்குப் போடுவது பொறியாளர்களின் வேலை. தறிக்காரனால் அது முடியாது. அதைச் செய்யத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். எங்கள் பலகையில் குறை இருந்தது என்றால், அதைத் திருத்தித் தந்திருக்க வேண்டும்.

உங்கள் எச்சரிக்கையின் மொழிக்கு வருகிறேன். "சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு." இந்த வரியை ஆண்டுக்கு எத்தனை முறை கேட்கிறோம்! வானிலைத் துறையின் அளவுகோலில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை. அதற்கு மேல் 204.4 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழை அளவிடும் நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்குள். துறைக்குள் இருப்பவர்களுக்கு இவை துல்லியமான சொற்கள். எங்கள் தெருவில் ஓரிரு இடம் என்றால் வேறு யாருடைய இடமோ என்றுதான் பொருள். அந்த ஓரிரு இடம் ஏற்காடாக இருந்தால் வெள்ளம் எங்கள் இடத்துக்கு வரும் என்பதை அந்த வரி சொல்வதே இல்லை.

சேலம் மாவட்டம் என்பது ஒரே மழைக்காரர்களும் ஒரே ஆற்றுக்காரர்களும் வாழும் இடமா? மேட்டூரில் தண்ணீர் ஏறுவதற்குக் குடகிலும் கபினியிலும் மழை பெய்ய வேண்டும். அணை 120 அடியைத் தொட்டு உபரிநீர் திறந்தால் காவிரிக் கரைக்காரர்களுக்கு ஆபத்து. ஆத்தூர்க்காரர்களுக்கு வசிஷ்ட நதி. அதன் தண்ணீர் கிழக்கே போகிறது. எங்களுக்குச் சேர்வராயன் மலை. மூன்று தண்ணீருக்கும் மூன்று நேரம், மூன்று காரணம். எல்லோருக்கும் சேர்த்து மாவட்டத்தின் பெயரை ஒரு வண்ணத்தில் தீட்டிக் காட்டினால் யார் வீட்டுச் சாமானை எந்த இரவில் ஏற்றுவது? மேட்டூருக்கு இதை நீங்கள் நன்றாகவே செய்கிறீர்கள். அணைக்கு நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கனஅடி, நீர்மட்டம் எத்தனை அடி என்பது ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். உபரிநீர் திறக்கும்முன் கரையோர ஊர்களில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி போகிறது. அதே அக்கறையைத்தான் ஒரு சிறிய ஆற்றுக்குக் கேட்கிறேன்.

அடுத்தது நேரம். மழை அளவுப் பட்டியல் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. அது செய்தியாகி எங்கள் கைக்கு வரும்போது நாங்கள் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருப்போம். ஏற்காட்டில் இத்தனை சென்டிமீட்டர் என்று நனைந்த வாசலில் நின்று படித்து என்ன பயன்? பத்து சென்டிமீட்டர் மழை ஒரே ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்தால் பத்துக் கோடி லிட்டர் தண்ணீர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பத்தாயிரம் வரிசையாக மலையிலிருந்து இறங்குவதாக நினைத்துப் பாருங்கள். அது புறப்பட்டுவிட்டது என்று எங்களுக்கு நள்ளிரவில் தெரிய வேண்டும். காலை எட்டரை மணிக்குத் தெரிந்து ஆவதில்லை.

வழிமுறை இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி. மாநிலமெங்கும் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் பணியை மாநில அரசு மேற்கொண்டது. ஆள் போய் அளக்காமலே மழையைப் பதிவுசெய்து அனுப்பும் கருவிகள் அவை. 2023இல் ஒரு நாள் தமிழ்நாட்டில் கைப்பேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறின. பேரிடர் காலத்தில் குறிப்பிட்ட பகுதியில் இருக்கும் கைப்பேசிகளுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்ப முடியும் என்பதைச் சோதித்தார்கள். 2024இல் வானிலை எச்சரிக்கை சொல்லும் டிஎன் அலெர்ட் செயலி வந்தது. அளக்கக் கருவி இருக்கிறது, சொல்ல வழி இருக்கிறது. இரண்டையும் இணைத்து, மலையில் அளந்ததை மலைக்குக் கீழே இருப்பவருக்குச் சொல்வதற்கு மட்டும் வழிமுறை இல்லையா?

ரேடாரையும் குறிப்பிட வேண்டும். சென்னை ரேடார் எங்களுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவு. காரைக்கால் ரேடார் 200. பூமி வளைந்திருப்பதால், ரேடாரின் கதிர் தொலைவு செல்லச் செல்லத் தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிறது. 200 கிலோமீட்டர் போவதற்குள் அது நாலு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே மலையை ஒட்டித் திரளும் மேகம் அதன் கண்ணில் சரியாகப் படாது. என் மகன் கல்லூரியில் படித்ததை வைத்து இதை எனக்கு விளக்கியபோதுதான், எங்கள் மலைமழை ஏன் ஒவ்வொரு முறையும் யாருக்கும் தெரியாமல் வந்து விழுகிறது என்பது விளங்கியது. ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் ரேடார் அமைக்கப்போவதாக மாநில அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பைப் படித்த அன்று எங்கள் தெருவில் சர்க்கரைப் பொங்கல் வைக்காத குறைதான்.

வானிலையைக் கணிப்பவர்கள் மீது எனக்குக் குறையில்லை. நகர்ந்தும் நகராமலும் நின்ற ஃபெஞ்சலைப் போன்ற புயலைப் பின்தொடர்வது எவ்வளவு கடினம் என்பதை அப்போதே செய்திகளில் பார்த்தோம். நான் கேட்பது கணிப்பே இல்லை. பெய்துவிட்ட மழையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். நாளை என்ன நடக்கும் என்று சொல்வதில் தவறு வரலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் மழைமானியில் விழுந்ததில் என்ன தவறு வரும்?

இன்னொன்று. வெள்ள முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் ஐப்பசியை ஒட்டித்தான் நடக்கின்றன, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் பார்த்து. கடலோரத்துக்கு அது சரி. எங்களுக்குச் சித்திரை, வைகாசிக் கோடை இடிமழையும் உண்டு. ஆவணி, புரட்டாசியில் மாலையில் திரண்டு நள்ளிரவு வரை கொட்டும் மழையும் உண்டு. பகலெல்லாம் சுட்டெரித்துவிட்டு, ஐந்து மணிக்கு மலையுச்சி கறுத்தால், அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் இல்லை. ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் நிரம்பியிருக்கும் மே மாதத்தில் அப்படிப் பெய்தால் கிளியூர் அருவியின் கீழே நிற்கும் வெளியூர்க்காரர்களுக்கும் அதே ஆபத்து. ஆத்தூர் அருகே ஆனைவாரி முட்டல் அருவியில் 2021 அக்டோபரில் திடீரென ஏறிய தண்ணீருக்கு நடுவே ஒரு தாயும் கைக்குழந்தையும் பாறையில் சிக்கியதையும், கயிறு பிடித்து இறங்கியவர்கள் அவர்களைக் காப்பாற்றியதையும் நாடே பார்த்தது. அருவியில் நின்றவர்களின் தலைமேல் அப்போது என்ன மழையா பெய்தது? மேலே எங்கோ பெய்தது. அங்கேயும் இதே கதைதான்.

நான் கேட்பவற்றை இனி நேராகச் சொல்லிவிடுகிறேன்.

சேர்வராயன் மலையில் உள்ள தானியங்கி மழைமானிகளின் அளவை, மழை நாட்களில் மணிக்கு ஒருமுறை, தமிழில், யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். எந்த ஊரில் எந்தக் கருவி என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இது நிற்கக் கூடாது. எங்களுக்கு வெள்ளம் வரும் நேரம் அதுதான்.

மலையில் இத்தனை மழை பெய்தால் திருமணிமுத்தாற்றிலும் சரபங்காவிலும் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு ஏறும் என்பதைப் பொறியாளர்களைக் கொண்டு கணக்கிடுங்கள். காய்ந்த மலைக்கும் நனைந்த மலைக்கும் தனித்தனியாக. தோட்டங்களில் பல ஆண்டு மழைக் குறிப்பேடுகள் இருக்கின்றன. கேட்டால் தருவார்கள், என் மைத்துனர் தருவதாகவே சொல்லியிருக்கிறார்.

ஊருக்குள் ஆற்றின் ஒவ்வொரு பாலத்திலும் அடிக்கணக்கில் அளவுகோல் வரையுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு தீட்டுங்கள். மழை இரவுகளில் அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு சாலை திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

"தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்ற வரியை இனிமேல் தனியாக அனுப்பாதீர்கள். எந்த வார்டு, எந்தத் தெரு, எந்தப் பள்ளி அல்லது மண்டபம் திறந்திருக்கும், சாவி யாரிடம் என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். சென்ற முறை எங்களுக்குச் சொல்லப்பட்ட மண்டபத்தின் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வீடும் தண்ணீருக்குள் இருந்தது.

செயலி இல்லாத வீடுகளை மறக்காதீர்கள். மேட்டூர் உபரிநீருக்குப் போகும் ஒலிபெருக்கி வண்டி எங்கள் தெருவுக்கும் வரட்டும். கைப்பேசிகளை அலற வைக்கும் அந்த எச்சரிக்கை, மலையில் அளவு தாண்டியவுடன் ஆற்றங்கரைக் கைப்பேசிகளுக்கு வரட்டும். பேரிடர் உதவி அழைப்புக்கு 1077 இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். தண்ணீர் வந்த பிறகு நாங்கள் உங்களை அழைப்பதைவிட, வரும் முன் நீங்கள் எங்களை அழைப்பது நல்லது.

ஏற்காடு ரேடார் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதன் படம் சேலத்து மக்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வெள்ள முன்னேற்பாட்டுக் கூட்டத்தை ஆடி முடியும் முன் கூட்டுங்கள். மலையில் மழை அளப்பவர்களில் ஒருவரையும் ஆற்றங்கரைத் தெருவிலிருந்து ஒருவரையும் அதற்கு அழையுங்கள்.

இவற்றையெல்லாம் செய்து முடிக்க நாளாகும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை எங்கள் கரும்பலகையில் எழுதுவதை யாரும் தடுக்கக் கூடாது. அதை எழுத்தில் தாருங்கள். பலகையில் இன்ன தோட்டத்தில், இன்ன நேரத்தில், இன்னார் அளந்தது என்று எழுதுகிறோம். இது அரசு எச்சரிக்கை அல்ல என்று மேலே பெரிய எழுத்தில் குறிப்பிடுகிறோம். உங்கள் அலுவலர் ஒருவர் வந்து மலையில் உள்ள மூன்று மழைமானிகளையும் சரிபார்த்து, சரியாக இருந்தால் ஒரு முத்திரை வைத்துவிட்டுப் போகட்டும்.

ஆவணி முதல் தேதிக்குள் இந்த மடலுக்குப் பதிலை எதிர்பார்க்கிறோம். பலகை இப்போது கடைக்குள்ளே, பால் பாத்திரங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. சுண்ணக்கட்டி என் சட்டைப் பையில் இருக்கிறது.

இப்படிக்கு,
திருமணிமுத்தாற்றங்கரைத் தறிக்காரன்,
தெருவில் உள்ள நாற்பத்திரண்டு வீட்டாரின் சார்பிலும்,
சேலம்.